எதிர் வரிசை

ஆகஸ்ட் 4, ஞாயிறு

மருந்துக் கம்பெனிக்காரர் ஒருவர் ஜனவரியில் கொடுத்த டைரி இது. இதுவரை அடுப்படிக் கதவு காற்றில் அடிக்காமல் இருக்க அண்டக்கொடுத்து வைத்திருந்தோம். இன்று எடுத்துவிட்டேன். வந்த கோபத்தை வைக்க வேறு இடம் இல்லை.

முதலில் விவரம். நான் எப்சிபா, வயது இருபத்தாறு. தாலுகா அரசு ஆஸ்பத்திரியில் சீட்டு பதியும் கவுண்டரில் ஒப்பந்த வேலை. கணவர் ஆசீர் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். மில் தெருவில் உள்ள இந்த வீட்டில் நானும் அத்தையும் இருக்கிறோம். அத்தை என்றால் ஆசீரின் அம்மா, தங்கபுஷ்பம். நூற்பு மில்லில் இருபத்திரண்டு வருஷம் நின்றவர். மில்லை மூடிப் பதினைந்து வருஷம் ஆகிறது. அத்தையின் காதுக்குள் மட்டும் அது இன்னும் மூன்று ஷிப்டும் ஓடுகிறதாம். வேறு சத்தம் எதுவும் அந்தக் காதில் ஏறாது.

தினமும் காலை ஐந்தரைக்கு அத்தை சங்கீதம் சொல்வார். சொல்வார் என்பது மரியாதைக்கு எழுதுவது. பாட்டுக்கும் கூப்பாட்டுக்கும் நடுவில் ஒரு ராகம், அவரே போட்டது. பக்கத்து வீட்டு நாய் எழுந்து இடம் மாறிப் படுக்கும். தன் குரல் தனக்குக் கேட்காததால் எவ்வளவு சத்தம் என்று அவருக்குத் தெரியாது.

அத்தையோடு பேச எனக்குக் குரல் தேவையில்லை. வாயசைத்தால் போதும். மில்லில் பெண்கள் எல்லாரும் அப்படித்தான் பேசிக்கொள்வார்களாம். கல்யாணமாகி வந்த மூன்றாம் மாதம் நானும் பழகிக்கொண்டேன். கோயிலில் அது ரொம்ப வசதி. ஐயர் (எங்கள் பக்கம் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம்) இன்று பிரசங்கத்தில் நான்காம் தடவை “முடிவாக” என்றபோது, அத்தை என்னைப் பார்த்துச் சத்தமில்லாமல், “உலையில அரிசியப் போட்டுட்டு வந்திருக்கலாம்” என்றார். நான் இருமுவதுபோல் குனிந்துகொண்டேன்.

இன்றிலிருந்து ஆராதனையை நேரலையில் விடுகிறார்கள். பலிபீடத்துக்கு எதிரே ஒரு கேமரா, சபையைப் பார்த்து இன்னொன்று. சபையின் குரலைப் பிடிக்க மேலிருந்து ஒரு மைக் தொங்குகிறது. அது தொங்குவது சரியாக எங்கள் மூன்றாம் பெஞ்சுக்கு மேல்.

ஞாயிறுதோறும் சங்கீதத்தை மாற்றி மாற்றி வாசிப்பது எங்கள் கோயில் வழக்கம். ஒரு வசனம் ஐயர், அடுத்த வசனம் சபை. சபை என்று பெயர்தான். ஐயரின் உதடு மூடியதும் அத்தையின் வாய் திறக்கும். மற்றவர்கள் பின்னால் ஓடி வந்து சேர்ந்துகொள்வார்கள்.

ஆராதனை முடிந்து கமிட்டிச் செயலாளர் வேதமணி சார் என்னை வாசலில் நிறுத்தினார். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். இன்னும் எல்லாரையும் ஏழாம் வகுப்பு பிள்ளைகளாகத்தான் பார்ப்பார்.

“எப்சி, அத்தைட்ட பக்குவமா ஒரு வார்த்தை சொல்லணும். கொஞ்சம் குரலத் தணிச்சு... வெளிநாட்டுலருந்தெல்லாம் பாக்காங்கல்லா. மைக்ல அவங்க ஒருத்தி சத்தம்தான் கேக்கு.”

“மைக்க மாத்தி வைங்க சார்.”

“எங்க மாத்தினாலும் கேக்கும்மா.”

“சந்தோஷமா சத்தம் போடுங்கன்னுதான சார் அதுல எழுதிருக்கு? நூறாம் சங்கீதத்த நீங்கதான எங்களுக்கு ஞாயிறு பள்ளில மனப்பாடம் பண்ண வச்சீங்க?”

“வாய்க்கு வாய் பேசாத. நீ சொன்னா அவங்க மனசு நோகாது. அதுக்குத்தான் ஒன்ட்ட சொல்லுதேன்.”

நாற்பதடி தள்ளி, வேப்பமரத்தடியில் அத்தை செருப்பு மாட்டிக்கொண்டு நின்றார். நான் போனதும், “என்னவாம் வேதமணிக்கு?” என்றார்.

“ஆஸ்பத்திரில டோக்கன் எடுத்து வைக்கணுமாம்.”

“ம்” என்றார். பிறகு என்னவோ நினைத்துச் சிரித்தார்.

நான் சொல்லப்போவதில்லை. செத்தாலும் சொல்லப்போவதில்லை.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

இன்று கவுண்டரில் இருநூற்றுப் பதினாறு பேர். ஒரு பெரியவர் காது கேட்காததால் கூப்பிட்ட நம்பரை விட்டுவிட்டார். திரும்பவும் வரிசைக் கடைசியில் நிற்கச் சொன்னார்கள். நான் எழுந்து போய் அவரைக் கையைப் பிடித்து உள்ளே விட்டேன். சூப்பிரண்டு என்னை முறைத்தார். நானும் முறைத்தேன்.

அத்தைக்குக் காது போனபோது மில்லில் மனு கொடுத்தாராம். வயதானால் காது மந்தமாவது இயற்கை என்று பதில் எழுதிக் கொடுத்தார்கள். அப்போது அவர் வயது முப்பத்தெட்டு. அந்தக் காகிதம் இன்னும் பீரோவில் இருக்கிறது. அதை ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் எனக்கு எதையாவது உடைக்க வேண்டும்போல் இருக்கும். அத்தை அதன்மேல் ரசகற்பூர உருண்டை வைத்திருக்கிறார்.

சாப்பிடும்போது கேட்டேன். “காதப் பறிச்சுட்டு விட்டவருக்கு எதுக்கு அத்தே தினமும் ஸ்தோத்திரம்?”

“பறிச்சது மில்லுக்காரன். கடவுளுக்குப் பஞ்சு நூக்கத் தெரியுமா?”

“தடுத்திருக்கலாம்லா?”

“கேளு, அவர்ட்டயே கேளு. ஒனக்குத்தான் எல்லார்ட்டயும் கேள்வி கேக்க வாய் இருக்கே” என்று என் தட்டில் இன்னொரு அகப்பை சோறு போட்டார்.

பிறகு அவராகவே சொன்னார். ஸ்பின்னிங்கில் இரண்டு வரிசை மிஷின்களுக்கு நடுவே நின்றால் இடி விழுந்தாலும் கேட்காது. எட்டு மணி நேரம். எதிர் வரிசையில் உச்சிமாகாளி என்று ஒருத்தி. தூக்கம் வராமலிருக்க அத்தை ஒரு வசனத்துக்கு வாயசைப்பார். உச்சிமாகாளி அடுத்த வசனத்துக்கு வாயசைப்பாள். இப்படியே நாற்பது சங்கீதம் இருவருக்கும் மனப்பாடமாம்.

“அவங்களும் நம்ம வேதமா?”

“அவளா? வருசா வருசம் சுடலைக்குக் கெடா வெட்டப் போவா. ஆனா நூறாவதுல ஒரு வார்த்தை பெசகாது. அந்த ஷெட்டுல ஒரு சத்தமும் கேக்காதுட்டி. சந்தோஷமா சத்தம் போடுங்கன்னு நாங்க ரெண்டு பேரும் சத்தமே இல்லாம சொல்லிக்கிடுவோம். சிரிப்பா வரும்.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

ஒரு தந்திரம் செய்தேன். ஃபேன் காற்று வரும் என்று சொல்லி அத்தையைக் கடைசி பெஞ்சுக்கு அழைத்துப் போனேன்.

“ஃபேனா? நீ என்னைக்குட்டி வேர்வைக்குப் பயந்த?” என்றார். ஆனால் வந்தார்.

அது எவ்வளவு கேவலமான வேலை என்று உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. மில் ஓடிய காலத்தில் முன் நான்கு பெஞ்சும் ஆபீசர் வீடுகளுக்கு. ஷிப்டு முடிந்து தலையில் பஞ்சோடு ஓடி வரும் பெண்களுக்குக் கடைசி பெஞ்சு. மில் மூடி ஆபீசர்கள் ஊரைவிட்டுப் போன ஞாயிற்றுக்கிழமை, அத்தை நேராக நடந்து போய் மூன்றாம் பெஞ்சில் உட்கார்ந்தாராம். பதினைந்து வருஷம் கழித்து நான் அவரைத் திரும்பக் கடைசிக்குக் கொண்டுவந்து விட்டிருக்கிறேன், கேமராவுக்குப் பயந்து.

பலனும் இல்லை. அங்கிருந்து ஐயரின் உதடு தெரியாததால் அத்தை நடைபாதையில் எட்டி நின்று பார்த்துப் பதில் சொன்னார். சத்தம் கடைசியிலிருந்து கோயில் முழுவதும் உருண்டு போனது. முன்னால் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

நேரலையின் கீழே யாரோ எழுதியிருந்தான்: “நம்ம ஊர் மில் சங்கு இன்னும் ஊதுதா?” அதற்கு நாற்பது பேர் சிரித்திருக்கிறார்கள்.

அந்த வீடியோவை ஒன்பது முறை பார்த்தேன். அத்தைக்குப் பக்கத்தில் நானும் தெரிகிறேன். தலையைக் குனிந்திருக்கிறேன். ஜெபிக்கிறேன் என்று யாராவது நினைத்துக்கொள்ளட்டும்.

ஆகஸ்ட் 14, புதன்

ஆசீர் வீடியோ காலில் வந்தார். கமிட்டியை நன்றாகத் திட்டினேன். வேறு ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 15, வியாழன்

விடுமுறை. எழுந்தபோது மணி ஏழே முக்கால். ஏன் இவ்வளவு தூங்கினேன் என்று கொஞ்சநேரம் புரியவில்லை. பிறகு பயந்துபோய் ஓடினேன். அத்தை அடுப்படியில் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

“சங்கீதம் சொல்லலையா?”

“தொண்ட சரியில்ல.”

கற்பூரவல்லிக் கஷாயம் போட்டுக் கொடுத்தேன். குடித்தார்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

மூன்றாம் பெஞ்சுக்கே போனோம். இனி எங்கேயும் மாறுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

ஐயர் முதல் வசனத்தை வாசித்து முடித்தார். பதில் இல்லை. மின்விசிறிகள் சுற்றும் சத்தம் கேட்டது. ஐயர் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தி மூன்றாம் பெஞ்சைப் பார்த்தார். எல்லாரும் மூன்றாம் பெஞ்சைப் பார்த்தார்கள். அத்தை இரண்டு கைகளையும் முன்னால் கோத்து, உதட்டை மூடிக்கொண்டு, போட்டோவுக்கு நிற்பவர்போல் நின்றார். ஆண்கள் பக்கம் ஒருவர் முணுமுணுக்க, இந்தப் பக்கம் நான்கு பேர் வேறு வரியில் சேர, சங்கீதம் நொண்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தது.

வாசலில் வேதமணி சார் என் தோளைத் தட்டினார். “பக்குவமா சொல்லிட்ட போல. நன்றிம்மா.”

நான் சொல்லவே இல்லை. யார் சொன்னது?

ஆகஸ்ட் 21, புதன்

அத்தையை எங்கள் ஆஸ்பத்திரித் தொண்டை டாக்டரிடம் காட்டினேன். டார்ச் அடித்துப் பார்த்தார். “தொண்டை ஜம்முனு இருக்கு. என்ன பிரச்சினை?” என்றார். அத்தை அவர் வாயைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் சீட்டை மடித்துப் பையில் வைத்தேன்.

இரண்டு நாளாக வேலைக்குப் பிந்தினேன். போனில் அலாரம் வைத்தேன். அது அடித்தால் நான் மட்டும்தான் எழுகிறேன். அத்தை சொன்னால் தெருவே எழும். கீழ்வீட்டு டிரைவர் இன்று கேட்டார்: “என்னம்மா, பெரியம்மா ஊருக்குப் போயிருக்காங்களா? ரெண்டு நாளா ட்ரிப் பிந்திப் போச்சு.”

இந்த வீடு இவ்வளவு சின்னது என்று எனக்கு இதுவரை தெரியாது. சுவர்க் கடிகாரம் இருப்பதே நேற்றுத்தான் தெரிந்தது.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

இன்றும் மௌனம். இன்றும் நொண்டல்.

ஆராதனை முடிந்ததும் வேதமணி சாரை மணிக்கூண்டுக்குக் கீழே மடக்கினேன். “அத்தைட்ட என்ன சார் சொன்னீங்க?”

“நானா? சத்தியமா ஒண்ணும் சொல்லலம்மா.”

“கமிட்டில வேற யாரு?”

“யாரும் சொல்லல. நீ சொன்னன்னுல்லா நாங்க நினைச்சோம்?”

“அவங்க காது போனப்போ இந்தக் கோயில்லருந்து ஒரு ஆளாவது மில் வாசல்ல போய் நின்னீங்களா சார்? காதக் காப்பாத்த வக்கில்ல. சத்தம் மட்டும் ஒங்களுக்கு இடைஞ்சலா இருக்கு.”

நான்கு பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றுதான் கத்தினேன். வேதமணி சார் கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே நின்றார். பிறகு மெதுவாக, “கனடாலருந்து எம் பொண்ணு போன் போட்டா. அப்பா, சங்கீதத்துக்கு ஏன் யாரும் பதில் சொல்ல மாட்டேங்காங்க, நம்ம கோயில் மாதிரியே இல்லன்னு சொல்லுதா” என்றார்.

எனக்கு அவரைத் திட்ட இன்னும் நிறைய இருந்தது. ஆனால் ஓடவில்லை.

ஆகஸ்ட் 28, புதன்

எழுத வேண்டியதை எழுதிவிடுகிறேன்.

இன்று காலை பீரோக் கண்ணாடி முன் நின்று தலை சீவினேன். பின்னால் அடுப்படி வாசலில் அத்தை உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். வாசலில் வந்து நிற்கும் பூனையிடம் சத்தமில்லாமல் ஏதோ பேசினார். கண்ணாடியில் அவர் உதடு பளிச்சென்று தெரிந்தது. “மீன்காரன் வரல போ. நானும் பட்டினி, நீயும் பட்டினி.” சிரித்துவிட்டேன்.

சீப்பு கையில் அப்படியே நின்றது.

கண்ணாடியில் அவர் உதடு எனக்குத் தெரிகிறதென்றால், என் உதடு அவருக்குத் தெரியும்.

பதினான்காம் தேதி போனை இந்தப் பீரோவில் சாய்த்து வைத்துத்தான் ஆசீரோடு பேசினேன். அத்தைக்கு முதுகைக் காட்டி நிற்கிறேன், குரலையும் தணித்துத்தான் பேசுகிறேன் என்று நினைத்தேன். காது கேட்காதவருக்குக் கேட்டுவிடக் கூடாது என்று குரலைத் தணித்த புத்திசாலி நான்.

வேறு ஒன்றும் இல்லை என்று அன்று எழுதினேன். அது பொய். கமிட்டியைத் திட்டியது கொஞ்சம்தான். பிறகு சொன்னது இது: “ஒங்கம்மா சத்தம் போடும்போது எனக்குத் தரைக்குள்ள போயிரலாம்னு இருக்கு. ஊரே சிரிக்கு. அவங்க ஒரு நாள் வாய மூடினா, அன்னைக்கு நான் ஸ்தோத்திரம் சொல்லுதேன்.”

நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

மறுநாள் காலையிலிருந்து வீட்டில் சத்தம் இல்லை.

ஆகஸ்ட் 29, வியாழன்

வேலை முடிந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அத்தை முன்னால் போய் நின்றேன்.

“அத்தே, அன்னைக்கு போன்ல...”

“தெரியும்ட்டி.”

“வேதமணி சார்தான் முதல்ல...”

“அதும் தெரியும். வேப்பமரத்தடில நின்னு பாத்தேன்லா. நீ வக்கீல் மாதிரி பேசுன. பெறவு டோக்கன்னு ஒரு பொய் சொன்ன. நல்லாத்தான் இருந்துச்சு.”

“தெரிஞ்சும் அடுத்த வாரம் பாடுனீங்களே?”

“அவன் சொன்னா எனக்கென்ன? அவனா எனக்குச் சோறு போட்டுத் தாரான்?”

அத்தை என் தோளில் தொங்கிய பையை வாங்கி ஆணியில் மாட்டினார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார்.

“எஞ் சத்தம் எனக்குத் தெரியாதுட்டி. ஒனக்குத்தான் தெரியும். நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

“சரியில்ல அத்தே. நான் சொன்னது தப்பு. நீங்க பாடுங்க.”

“மனசுக்குள்ள சொல்லிக்கிடுதேன். மில்லுல அப்படித்தான சொன்னோம்? அதுவும் அவருக்குக் கேக்கும்.”

இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். அத்தை கண்ணை மூடிவிட்டால் அவரிடம் யாராலும் பேச முடியாது. கோபித்து மூடவில்லை. களைப்பு மாதிரி இருந்தது. பிறகு திறந்து, “போ, கால் கழுவிட்டு வா. தோச ஊத்துதேன்” என்றார்.

நான்கு தோசை தின்றேன். ஒன்றும் இறங்கவில்லை என்று எழுதினால் அதுவும் பொய். இறங்கியது. அதுதான் வெட்கமாக இருந்தது.

செப்டம்பர் 1, ஞாயிறு

அத்தை உதட்டை மட்டும் அசைத்தார். நானாவது தொடங்கலாம் என்று மூச்சை இழுத்தேன். ஐயர் நிறுத்தினார். மைக் தலைக்கு மேல் தொங்கியது. கவுண்டரில் இருநூறு பேருக்கு முன் கத்துகிற எனக்கு வாய் திறக்கவில்லை.

செப்டம்பர் 4, புதன்

வேலைக்குப் போகும் பஸ்ஸில் மூன்று நாளாகச் சங்கீதங்களை வாசிக்கிறேன். ஞாயிறு பள்ளியில் பரிசுக்காக ஒப்புவித்ததற்குப் பிறகு இப்போதுதான் முழுசாகப் பார்க்கிறேன்.

எங்கள் கோயிலில் சந்தோஷமானவற்றை மட்டும் பொறுக்கி வாசிக்கிறார்கள். இடையில் என்னென்ன இருக்கிறது! கெட்டவன் கொழுக்கிறானே என்று ஒருவன் கடவுளையே கேட்கிறான். எவ்வளவு காலம் முகத்தை மறைத்துக்கொள்வீர் என்று சண்டை போடுகிறான். எதிரியின் பல்லை உடைக்கச் சொல்லியும் கேட்கிறான். வேதமணி சார் இதையெல்லாம் நேரலையில் விட்டால் கூட்டம் கூடும்.

எல்லாம் நன்றாக நடப்பவர்கள் ஏசி அறையில் உட்கார்ந்து எழுதிய பாட்டு இல்லை இது. துரத்தப்பட்டவன், நோயாளி, ஊர் பேசும் பேச்சில் ஒடுங்கிப்போனவன், அவர்கள்தான் எழுதியிருக்கிறார்கள். அழுதுவிட்டு, திட்டிவிட்டு, அந்த மூச்சிலேயே துதிக்கிறார்கள். யாரோ எல்லாவற்றையும் சரிசெய்து கொடுத்துவிட்டதாகத் தெரியவில்லை. எப்படி முடிகிறது என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் ஏமாந்தவர்களின் பாட்டு என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அது தப்பு.

அத்தை துதிப்பது வாங்கிய உதவிக்கு நன்றி இல்லை. மில் அவரிடமிருந்து எதை எதையோ எடுத்துக்கொண்டது. காலை ஐந்தரை மணி மட்டும் இன்னும் அவருடையது. அதில் அவர் சந்தோஷமாக இருந்தார். மில்லுக்காரனால் எடுக்க முடியாததை நான் ஒரு போன் பேச்சில் எடுத்துவிட்டேன்.

பஸ்ஸில் நூறாவதை மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். இரண்டாம் வரியிலேயே முட்டியது. நிறுத்தமும் தாண்டிவிட்டது.

செப்டம்பர் 8, ஞாயிறு

இன்று அறுப்பின் பண்டிகை. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

கோயில் நிரம்பி வழிந்தது. பலிபீடத்தின் முன் வாழைத்தார், பூசணி, கரும்புக் கட்டு, மூட்டை மூட்டையாகக் கம்பு. காலைக் கட்டிய ஒரு சேவல். எங்கள் வீட்டிலிருந்து முருங்கைக்காய் ஒரு கட்டு. போர்டில் எண் எழுதியிருந்தது: சங்கீதம் 100.

அத்தை மூன்றாம் பெஞ்சில் நடைபாதை ஓரமாக உட்கார்ந்தார். நான் அவர் பக்கத்தில் உட்காரவில்லை. நடைபாதையைக் கடந்து, ஆண்கள் பக்கம் மூன்றாம் பெஞ்சுக்குப் போனேன். அங்கே ஓரத்தில் வேதமணி சார் இருந்தார்.

“சார், தள்ளி உக்காருங்க.”

“எம்மா, இது ஆம்பளைங்க பக்கம்.”

“தெரியும் சார். தள்ளுங்க.”

அவர் அக்கம்பக்கம் பார்த்தார். பின்னால் யாரோ, “சரிதான், இன்னைக்கும் சண்டையா?” என்றார்கள். அவர் தள்ளினார். நான் உட்கார்ந்து, பலிபீடத்தைப் பார்க்காமல், அப்படியே திரும்பி அத்தையைப் பார்த்தேன். இப்போது நாங்கள் இருவரும் நடைபாதைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், நேருக்கு நேர். அத்தை முதலில் முகம் சுளித்தார். “என்னட்டி கூத்து?” என்று வாயசைத்தார். பிறகு அவர் கண் மாறியது. நான் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன் என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

சபை எழுந்து நின்றது. ஐயர் முதல் வசனத்தை வாசித்தார். உலகத்தார் எல்லாரையும் சந்தோஷமாய்ச் சத்தம் போடச் சொல்லும் வசனம். வாசித்து நிறுத்தினார். அந்த இடைவெளி வந்தது.

நான் வாயைத் திறந்தேன். முதல் சொல் வந்தது. கோயிலில் என் குரலை நானே முதல் தடவையாகக் கேட்டேன். டின் தகரத்தைத் தரையில் இழுத்தமாதிரி இருந்தது. இரண்டாம் சொல் வரவில்லை. பஸ்ஸில் முட்டிய அதே இடம். போர்டில் எண் இருந்தது, கையில் வேதாகமம் இருந்தது, குனிந்து பார்த்தால் போதும். எனக்கு அது தோன்றவே இல்லை. எதிரே அத்தையின் உதடுகளைத்தான் பார்த்தேன்.

அத்தை எனக்காக மெதுவாக வாயசைத்தார். ஒவ்வொரு சொல்லாக. குழந்தைக்கு ஊட்டுகிறமாதிரி இல்லை. மிஷின் ஓடும்போது எதிரே நிற்பவளுக்குச் சொல்கிறமாதிரி, வேகமாக, கண்ணை விரித்து. அவர் உதட்டிலிருந்து எடுத்து எடுத்து நான் கத்தினேன். மகிழ்ச்சியோடு அவரைச் சேவிக்கச் சொல்லும் வரியை, பாடிக்கொண்டு அவர் முன் வரச் சொல்லும் வரியை, கோயில் முழுவதும் கேட்கும்படி நான் ஒருத்தி மட்டும். முடித்ததும் அந்த அமைதியில் காணிக்கைச் சேவல் கழுத்தை நீட்டி நீளமாக ஒரு கூவல் விட்டது.

சபை சிரித்தது. ஐயரும் சிரித்தார். அத்தைக்குச் சேவல் கேட்காது. எல்லாரும் ஏன் சிரிக்கிறார்கள் என்று என்னைப் பார்த்தார். நான், “சேவல். எனக்கு எதிர்ப்பாட்டு” என்று வாயசைத்தேன். அத்தை புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

ஐயர் மூன்றாவதை வாசித்தார். நாம் அவருடைய ஆடுகள் என்று சொல்லும் வசனம். சிரிப்பு இன்னும் அவர் குரலில் இருந்தது. நான்காவது எங்களுடையது. அத்தை தலைப்பை எடுத்துவிட்டு வாயசைக்கத் தயாரானார், சத்தமில்லாமல். நான் கையைக் காதுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, தலையை ஆட்டினேன்.

“கேக்கல அத்தே” என்று வாயசைத்தேன்.

அவர் நிறுத்தினார்.

“எனக்குக் கேக்கல. சத்தமா.”

அத்தை என்னைப் பார்த்தார். சபை முழுவதும் காத்திருந்தது. நேரலையும் காத்திருந்தது. பக்கத்தில் வேதமணி சார் மூச்சுவிடும் சத்தம் கேட்டது.

பிறகு அத்தை வாயைத் திறந்தார்.

இருபத்தைந்து நாள் அடைத்து வைத்திருந்த குரல். வாசல்களுக்குள் துதியோடு வரச் சொல்லும் வரி. கோயில் கதவுகள் எல்லாம் முன்பே திறந்துதான் கிடந்தன. இல்லாவிட்டால் இன்று திறந்திருக்கும். சபை ஓடி வந்து சேர்ந்துகொண்டது, பழையபடி அரை மூச்சு பின்னால். ஆண்கள் பக்கத்திலிருந்து எனக்கு வலது காதில் ஒரு பெரிய குரல் இடித்தது. திரும்பிப் பார்த்தேன். வேதமணி சார். கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, மனப்பாடமாக, ஏழாம் வகுப்புப் பையன் மாதிரி.

ஐந்தாவதை எல்லாரும் சேர்ந்து சொன்னோம். அத்தையின் கண்களை விட்டு நான் பார்வையை எடுக்கவில்லை. தரைக்குள் போகவும் தோன்றவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் அத்தை கேட்டார். “எஞ் சத்தம் எப்படிட்டி இருந்துச்சு? உள்ளத உள்ளபடி சொல்லு.”

அவர் முன்னால் போய் நின்று, நேராக முகத்தைக் காட்டிச் சொன்னேன். “மில் சங்கு மாதிரி.”

தெருவில் நின்று சிரித்தார். “பெறவு? பன்னெண்டு மைலு கேக்கும்லா அது!”

செப்டம்பர் 9, திங்கள்

ஐந்தரைக்கே தூக்கம் போச்சு. நாய் இடம் மாறிப் படுத்தது. கீழ்வீட்டு டிரைவர் வண்டியை எடுத்துவிட்டார். பஸ் கிடைத்தது.

ஸ்தோத்திரம்.